'போயிடுச்சு' இல்ல அப்பத்தா, 'சென்றது'

என் மகளுக்கு மூன்றரை வயது. ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் நேற்று ராத்திரி அப்பத்தாவைத் திருத்திவிட்டாள்.

யானை ஆற்றுக்குப் போகிற படக்கதை. கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்டு, என் அம்மா படத்தைப் பார்த்தே "யானை ஆத்துக்குப் போயிடுச்சு" என்று ஓட்டிக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் விரலை ஊன்றி, "இல்ல அப்பத்தா, 'சென்றது'ன்னு போட்டிருக்கு" என்றாள். விரல் இருந்தது பக்க எண்ணின் மேல். அது வேறு விஷயம்.

முன்பெல்லாம் நானும் புத்தகத் தமிழைப் பேச்சுத் தமிழாக்கித்தான் வாசித்துக் காட்டுவேன். பிள்ளைக்குப் புரியணுமே என்ற கவலை. ஆனால் யோசித்துப் பாருங்கள், வீட்டில், தெருவில், சீரியலில் யாராவது 'சென்றது' என்று பேசுகிறார்களா? அப்புறம் ஒன்றாம் வகுப்பில் எழுத்தும் புதுசு, அந்த எழுத்துக்குள் இருக்கிற தமிழும் புதுசு. 'அவர்கள் வந்தனர்' என்று எழுத்துக்கூட்டி முடித்தாலும், காதில் அதுவரை விழாத சொல் எப்படிப் பிடிபடும்?

அதனால் இப்போது முதலில் உள்ளது உள்ளபடி ஒரு தடவை. அப்புறம் அரட்டை. "யானை எதுக்குப் போச்சு?" "குளிக்க." "சோப்பு?" "அதுக்கு எவ்வளவு பெரிய சோப்பு வேணும்ப்பா!" சில ராத்திரி நாலு பக்கம் தாண்டாது. அதே புத்தகத்தைப் பதினைந்தாவது தடவை கேட்கும்போது எனக்குக் கொட்டாவி வருகிறது, மறைப்பானேன். ஆனால் அந்தப் பதினைந்தில்தான் 'சென்றது' ஒட்டியிருக்கிறது.

எனக்கு எரிச்சலூட்டுவது, வீட்டுக்கு வரும் உறவினர்கள். புத்தகமும் பிள்ளையும் ஒன்றாகக் கண்ணில் பட்டால் போதும், "இது என்ன எழுத்து, சொல்லு பாப்போம்!" அவள் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்விடுகிறாள். மடியில் உட்கார்ந்து கதை கேட்கிற பிள்ளைக்குப் பரீட்சை எதற்கு?

புத்தகம் விலை என்பவர்களுக்கு: பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசம். பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்களும் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. பெயர் வைத்தவருக்கு ஒரு காபி வாங்கித் தரலாம். மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவே உண்டு.

போனில் காட்டினால் அவள் கை தானாக யூடியூபுக்குப் போகிறது. அதனால் ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நடுவில் நூலால் தைத்துக் கொடுத்தேன். யானையின் தும்பிக்கையை ஏற்கெனவே கடித்தாயிற்று. நாளைக்கு இன்னொரு பிரதி எடுக்கணும்.