பிசாசுக்கு வக்காலத்து

போன ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்குப் பேரவைக் கூட்டம். நான்காவது விஷயமாக வந்தது இது: கோயில் வாசலில் இடப்பக்கம் காலியாகக் கிடக்கும் மேடையில் மறைந்த போப்பாண்டவர் புனித இரண்டாம் யோவான் பவுல் சுரூபம் வைப்பது. ஐந்தடி உயரம், ஃபைபர். துபாயில் இருக்கும் எங்கள் பங்குக் குடும்பம் ஒன்று முழுச் செலவையும் ஏற்கிறது. கீழே பளிங்குக் கல்லில் 'உபயம்' என்று அவர்கள் பெயரைப் போட்டால் போதும். டீயும் சமோசாவும் வந்துவிட்டன. எல்லோரும் கை தூக்கினால் வீட்டுக்குப் போய்விடலாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் நான். "ஃபாதர், இது வேண்டாமே" என்றேன்.

ஒரு நிமிஷம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் மரியாயின் சேனை என்கிற பக்திசபையில் நாற்பது வருஷமாக இருக்கும் ஒரு பெரியவர், சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். "இன்னாப்பா, பிசாசுக்கு வக்காலத்து வாங்கினு வந்திருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அவர் விளையாட்டாகச் சொன்ன அந்த வேலை திருச்சபையில் உண்மையாகவே இருந்தது என்பது அங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ. 1587-ல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் என்ற திருத்தந்தை (போப்பாண்டவர்) உண்டாக்கிய பதவி அது. 'விசுவாசத்தின் காவலர்' என்கிற மாதிரி மரியாதையான பெயர் வைத்தார்கள். ஜனங்கள் வைத்த பெயர்தான் நிலைத்தது, பிசாசின் வக்கீல். ஒருவருக்குப் புனிதர் பட்டம் கேட்டு மனு வந்தால், கூடாது என்பதற்கு என்னென்ன காரணம் சொல்ல முடியுமோ அத்தனையையும் தேடி எடுத்துச் சொல்வது இவர் வேலை. அந்த ஆளுக்குக் கோபம் வருமா, பணத்தில் கறாரா, எழுதினதில் பிழை உண்டா, அவர் பேரில் நடந்ததாகச் சொல்லும் புதுமைக்கு, அதாவது அற்புதத்துக்கு, மருத்துவத்தில் வேறு விளக்கம் உண்டா என்று குடைந்துகொண்டே இருப்பார். சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்ட எதிர்க்கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எதிர்வாத வேலையை 1983 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். பதவிப் பெயர் மிஞ்சியது, பல் பிடுங்கியாயிற்று. பழைய சட்டத்தில் ஒருவருடைய புண்ணியங்களைப் பற்றிய விவாதமே அவர் இறந்து 50 வருஷம் கழித்துத்தான் தொடங்க முடியும். புதிய விதியில், இறந்து 5 வருஷம் ஆனால் ஆயரின் (பிஷப்பின்) மறைமாவட்டத்தில் விசாரணையைத் தொடங்கிவிடலாம். இந்த மாற்றத்தைச் செய்தவர் யார் தெரியுமா? எங்கள் மேடைக்கு வரவிருந்த அதே இரண்டாம் யோவான் பவுல்தான்.

அவசரப்பட்டு என்னைத் திட்டிவிடாதீர்கள். இந்த மனிதரை நான் பார்த்திருக்கிறேன். 1986 பிப்ரவரி. அவர் மெட்ராஸ் வந்து சாந்தோம் கோயிலில் தோமையார் கல்லறையில் செபித்த நாள். எனக்கு 6 வயது. ராயபுரத்திலிருந்து பஸ் மாறி வந்து, அப்பா தோளில் உட்கார்ந்து ரோட்டோரம் எத்தனை மணி நேரம் நின்றோமோ. கையில் வேர்க்கடலைப் பொட்டலம் இருந்தது. வண்டி வந்தபோது கூட்டம் தள்ளியதில் பொட்டலம் கீழே விழுந்து, நான் கடலையைத் தேடிக் குனிந்த நேரத்தில் போப்பாண்டவர் கடந்து போய்விட்டார். நிமிர்ந்தபோது தெரிந்தது ஒரு வெள்ளை அங்கியின் கை மட்டும்தான். அம்மா மட்டும் முழுசாகப் பார்த்தாள். "என்னைப் பார்த்து சிரிச்சார்" என்று இன்றுவரை சொல்கிறாள். அவளுக்கு அவர் யோவான் பவுலும் இல்லை, ஜான் பாலும் இல்லை, அருள் சின்னப்பர். அன்றைக்குப் பத்திரிகையில் வந்த படத்தை வெட்டி, சட்டம் போட்டு, வீட்டுப் பீடத்தில் அந்தோணியாருக்குப் பக்கத்தில் வைத்தாள். ஜீரோ வாட்ஸ் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் நாற்பது வருஷமாக அங்கே இருக்கிறது. ஒரு மூலையை ராமபாணப்பூச்சி அரித்திருக்கிறது, முகத்தில் கை வைக்கவில்லை.

ஆகவே அவர் மேல் எனக்குப் பகை கிடையாது. போலந்துக்காக அவர் செய்ததும், தன்னைச் சுட்டவனைச் சிறையில் போய்ப் பார்த்ததும், கடைசி வருஷங்களில் நடுங்கும் கையோடு உலகத்தின் முன்னால் வந்து நின்றதும் சாதாரணமா? அவர் மோட்சத்தில் இருக்கிறாரா என்பதும் என் கேள்வி இல்லை. அது கடவுள் பாடு. நம் பாடு, அவர் புனிதர் என்று நாம் போட்ட கையெழுத்து. அதை இவ்வளவு வேகமாகப் போட்டோமே, யார் பேசுவதற்கு முன்னால் போட்டோம்?

2005 ஏப்ரல் 2 அன்று இறந்தார். அடக்கத்தன்றே புனித பேதுரு சதுக்கத்தில் 'சாந்தோ சூபித்தோ', உடனே புனிதராக்கு, என்று பதாகை பிடித்தார்கள். அந்த 5 வருஷக் காத்திருப்பையும் தள்ளுபடி செய்வதாக 41-ஆம் நாள், மே 13-ல், அடுத்த திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அறிவித்தார். (நம் ஊரில் 41 நாளில் வாரிசுச் சான்றிதழ் வாங்கியவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.) 2011 மே 1-ல் அருளாளர் (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி), 2014 ஏப்ரல் 27-ல் புனிதர். மொத்தம் 9 வருஷம்.

அந்த 9 வருஷத்துக்குள்ளும் அதற்குப் பின்னும் வெளியே வந்தவற்றைப் பாருங்கள். மார்சியல் மாசியேல் என்று மெக்சிகோ குரு. 'கிறிஸ்துவின் சேனை' என்ற துறவற சபையைத் தொடங்கியவர் (நம் மரியாயின் சேனைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பெரியவர் கோபிக்க வேண்டாம்). சிறுவர்களாக இருந்தபோது எங்களைக் கெடுத்தார் என்று அவருடைய பழைய மாணவர்கள் 1997-ல் பத்திரிகையில் பெயர் சொல்லிப் பேசினார்கள், 1998-ல் வத்திக்கானுக்கே முறையீடு கொடுத்தார்கள். 2004 நவம்பரில் மாசியேலின் குருத்துவ 60-ஆம் ஆண்டு விழா. திருத்தந்தை அவரை மனமாரப் பாராட்டினார். அந்தத் திருத்தந்தை இறந்த மறுவருஷம், 2006 மே மாதம், இனி பொதுவில் ஊழியம் செய்யாதே, செபத்திலும் தபசிலும் இரு என்று மாசியேலை ஒதுக்கியது அதே பெனடிக்ட். 2019-ல் அந்தச் சபையே வெளியிட்ட அறிக்கை, மாசியேல் ஒருவரால் மட்டும் குறைந்தது 60 சிறார் பாதிக்கப்பட்டதாகச் சொல்கிறது.

இதில் என்னை உறுத்துவது தேதிகள். மாசியேல் தண்டிக்கப்பட்டது 2006-ல். அருளாளர் பட்டம் 2011-ல். அதாவது, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. தெரிந்த பிறகும் வண்டி நிற்கவில்லை.

மெக்கேரிக் விவகாரம் வேறு மாதிரி. அமெரிக்கக் கர்தினாலாக இருந்தவர். 1999-ல் நியூயார்க் கர்தினால் ஓ'கானர், இவருக்குப் பெரிய பதவி கொடுக்க வேண்டாம், இளைஞர்களிடம் தவறாக நடக்கிறார் என்று இவரைப் பற்றிப் பேச்சு இருக்கிறது என்று கடிதம் எழுதினார். திருத்தந்தை விசாரிக்கச் சொன்னார். விசாரிக்கப்பட்ட நான்கு ஆயர்களில் மூன்று பேர் சரியான தகவல் தரவில்லை. பிறகு மெக்கேரிக்கே, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று திருத்தந்தையின் செயலருக்குக் கடிதம் போட்டார். அது நம்பப்பட்டது. 2000 நவம்பரில் வாஷிங்டன் பேராயர், அடுத்த பிப்ரவரியில் கர்தினால். போலந்தில் ஆயர்கள் மேல் பொய்ப்பழி போடுவதைப் பார்த்தவர் திருத்தந்தை, அதனால் இதையும் பழி என்று நினைத்திருக்கலாம் என்கிறது வத்திக்கானின் சொந்த அறிக்கை. இருக்கலாம், எனக்கும் அது புரிகிறது. ஆனால் அந்த அறிக்கை வந்தது 2020 நவம்பரில், பட்டம் கொடுத்து ஆறு வருஷம் கழித்து. கிட்டத்தட்ட 450 பக்கம். முன்னாலேயே ஒரு பிசாசின் வக்கீல் இருந்திருந்தால் அவர் மேஜையில் இருந்திருக்க வேண்டிய காகிதம் அது.

"பேதுரு இயேசுவை மூணு தரம் மறுதலிக்கலையா? அவர் புனிதர் இல்லையா?" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி, அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம்தான் யோசித்தேன். பேதுரு மறுதலித்தது எனக்கு எப்படித் தெரியும்? வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் வரலாற்றில் சத்தமாக வாசிக்கிறோம். அவர் மறுதலித்ததும் சேவல் கூவுகிற இடம் வந்தால் பிள்ளைகள் கூட நிமிர்ந்து பார்க்கும். பல ஓவியங்களில் பேதுருவுக்குப் பக்கத்திலேயே சேவலை வரைந்து வைத்திருக்கிறார்கள். தவறு அவருடைய கதைக்குள்ளேயே இருக்கிறது. அகுஸ்தினார் தன் பாவங்களைத் தானே புத்தகமாக எழுதிவைத்தார். நாங்கள் வைக்கப்போகும் சுரூபத்தில் சேவல் எங்கே?

காத்திருக்கத் திருச்சபைக்குத் தெரியாதா என்றால், தெரியும். அமெரிக்காவில் டிவியில் பேசிப் புகழ்பெற்ற பேராயர் ஃபுல்டன் ஷீன். அவருக்கு அருளாளர் பட்டம் 2019 டிசம்பர் 21 என்று நாள் குறித்தாயிற்று. அந்த மாதத் தொடக்கத்தில் நிறுத்திவைத்தார்கள். அறுபதுகளின் கடைசியில் மூன்று வருஷம் ராச்செஸ்டர் மறைமாவட்டத்துக்கு ஆயராக இருந்தபோது, தவறு செய்த குருக்களை அவர் எப்படிக் கையாண்டார் என்று இன்னும் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று வருஷம் ஒரு மறைமாவட்டத்தை நடத்தியவருக்கு இந்தக் கேள்வி உண்டு. 26 வருஷம் உலகத் திருச்சபையையே நடத்தியவருக்கு இல்லையா?

தாமதம் எல்லாமே நியாயம் என்று நான் சொல்லவில்லை. திருவிதாங்கூரில் கிறிஸ்தவரான நம் தேவசகாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். அருளாளர் ஆனது 2012, புனிதர் ஆனது 2022 மே 15. 270 வருஷம். நம் ஆள் என்றால் ரோமாபுரிக்குக் கோப்பு நகர இவ்வளவு நாளா என்று நானே புலம்பியிருக்கிறேன். ஆனாலும் அவருடைய கதையில் ஒன்று நடந்தது. திருவிதாங்கூர் அரசு அவரைக் கொன்றது விசுவாசத்துக்காகத்தானா, வேறு குற்றச்சாட்டுக்காகவா என்று கேரள வரலாற்று ஆசிரியர்கள் சிலர் வெளிப்படையாகக் கேட்டார்கள். பட்டம் நெருங்கியபோது, பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' எதற்கு, சாதியை விட்டவருக்குச் சாதிப் பெயரா என்று நம்மவர்களே வத்திக்கானுக்கு எழுதினார்கள், அந்த ஒட்டை எடுத்தும்விட்டார்கள். (அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில்தான் பிற்காலத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கால்சட்டை வடிவத்தில் கோயில் கட்டினார்கள். அந்தக் கதையைத் தொட்டால் இந்தப் பதிவு முடியாது.) இத்தனை கேள்வி கேட்டும் தேவசகாயம் ஒரு விரல்கடை குறைந்தாரா?

அன்னை தெரேசா விசாரணையில், அவரைக் கிழிகிழி என்று கிழித்து எழுதிய கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் என்ற நாத்திகரையே கூப்பிட்டுச் சாட்சி கேட்டார்கள். கேட்டுக்கொண்டு பட்டமும் கொடுத்தார்கள். ஹிச்சன்ஸுக்கு நாற்காலி போட முடிகிறது. மாசியேல் கெடுத்த பையன்கள் எழுதியதற்குப் பல வருஷம் பதில் போட முடியவில்லை.

கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் முறத்தை வைத்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக் கிள்ளி ஒரு பக்கம், மீனை ஒரு பக்கம். அவள் பார்க்காமலே கை வேலை செய்யும்.

"அருள் சின்னப்பர் சுரூபம் வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்மா."

"ஏன்டா, அவரு இன்னா பண்ணாரு உன்னை?"

சொன்னேன். எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. நியூயார்க்கில் 1971-ல் பீடத்தில் உதவி செய்ய வந்த 16 வயதுப் பையன் ஒருவன், மெக்கேரிக் தன்னை என்ன செய்தார் என்பதை 2017-ல்தான் மறைமாவட்டத்திடம் சொன்னான், அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது என்றும் சொன்னேன். அம்மா கிள்ளுவதை நிறுத்தவில்லை.

"அந்தப் புள்ளைக்கு இப்போ எவ்ளோ வயசிருக்கும்?"

கணக்குப் போட்டேன். "உன் வயசுதாம்மா."

அவள் கை அப்போதுதான் நின்றது. கொஞ்ச நேரம் முறத்தையே பார்த்தாள். அப்புறம், "தண்ணி கொண்டா, கழுவணும்" என்றாள். படம் பீடத்தில் அப்படியேதான் இருக்கிறது. எடு என்று நானும் சொல்லவில்லை. அது 1986-ல் அவள் பார்த்த முகம், அவளுடையது. கோயில் வாசல் மேடை அப்படி இல்லை. ஞாயிறு பூசைக்கு வருகிற யார் வீட்டில் என்ன நடந்ததென்று நமக்குத் தெரியுமா? எந்தப் பையன் எதை இன்னும் வாய்திறந்து சொல்லவில்லையோ. அவனும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் வேண்டாம் என்றேன். துபாய்க் குடும்பம் மனம் வருந்தும், அவர்களிடம் நானே பேசுகிறேன்.

நேற்று ராத்திரி அந்தப் பெரியவர் போன் செய்தார். திட்டப் போகிறார் என்றுதான் எடுத்தேன்.

"அந்த 450 பக்கத்தை முழுசா படிச்சியா நீ?"

"முழுசா இல்லண்ணா. பாதிக்கு மேல படிச்சேன்."

"சரி, படிச்ச வரைக்கும் எடுத்துக்கினு வா. புதன்கிழமை சகாய மாதா நவநாள் முடிஞ்சு வெளிய உக்காருவோம். நான் கண்ணாடி எடுத்தாறேன்."