புதுவரவு அலமாரியில் தூங்கும் புத்தகங்கள்

நூலகத்தில் கதைப் புத்தகத்துக்கு சிபாரிசே வேண்டாம். ஒருவர் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டில் சொன்னால் போதும், ஓடும். வரலாறு, சட்டம், மருத்துவம், விவசாயம் அப்படி நகராது. 'புதுவரவு' அட்டைக்குக் கீழே கொஞ்ச நாள் முகம் காட்டிவிட்டு உள் அலமாரிக்குப் போய்விடும்.

கோத்தகிரி, குன்னூர் வாசகர் வட்டத்து நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். "அனைவரும் படிக்க வேண்டிய நூல்" என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். யாருக்கு, எந்த அத்தியாயம், எதற்கு உதவாது, தகவல் எந்த வருஷத்தது: புத்தகத்தில் செருகும் சிபாரிசுச் சீட்டில் இந்த நான்கு வரி போதும்.

அதை எழுத, தலைப்புப் பக்கத்தின் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள். அட்டை பளபளக்கும், முதல் பதிப்பு இருபது வருஷத்துக்கு முந்தியதாக இருக்கும். மொழிபெயர்ப்பு என்றால் மூலம் வந்த ஆண்டையும் பாருங்கள். சட்டப் புத்தகத்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குப் பிரிவு 302 என்று மட்டும் போட்டிருந்தால் அது பழைய சரக்கு, இப்போது 103. (மோசடி 318க்குப் போனாலும் சினிமாவில் 420 தான் ஓடும்.) அடுத்து புள்ளிவிவர அட்டவணைகளின் ஆண்டு, கடைசியில் சொல்லடைவு, அதாவது எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல். சொல்லடைவே இல்லாத தடித்த நூலைத் தேடிப் படிப்பவருக்குத் தராதீர்கள்.

ஆளைப் பார்த்துக் கொடுப்பதுதான் கஷ்டம். சமவெளிக்கு எழுதிய மண்வளப் புத்தகம் புளிப்பு மண்ணைச் சுண்ணாம்பு போட்டுத் திருத்தச் சொல்லும். தேயிலைக்கோ மண்ணின் புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால்தான் நல்லது. சிறு தேயிலை விவசாயி புத்தகம் சொன்னபடி சுண்ணாம்பு போட்டால் செடி மஞ்சளித்து நிற்கும். சீட்டில் 'தேயிலைக்கு அல்ல, காய்கறித் தோட்டத்துக்கு' என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்தது. மலையகத் தமிழர் வரலாறு வந்தால், இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்கள் வந்து தங்கிய மண்டபம் முகாம் வரும் பக்க எண்ணைக் குறித்து வையுங்கள். தாத்தாவின் பழைய பாஸ்போர்ட்டை பீரோவில் வைத்திருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகள் முதல் அத்தியாயத்தின் பொருளாதாரக் கோட்பாட்டைத் தாண்ட மாட்டார்கள்; நேராக முகாமில் இறக்கிவிடுங்கள்.

சீட்டைப் பசை போட்டு ஒட்டாதீர்கள். மாவுப் பசைக்கு வெள்ளிப்பூச்சி வரும், செலோடேப் மஞ்சள் கறை விடும். தடித்த அட்டையை நீளவாக்கில் வெட்டி, இரண்டு விரல் அளவு வெளியே தெரியும்படி செருகுங்கள்.

பறவை, செடி பற்றிய வண்ணப்பட நூல்களை மழைக்காலம் முடியட்டும் என்று பூட்டி வைப்பது நம் ஊர் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆர்ட் தாளில் ஈரம் ஏறி அழுந்தினால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் படம் உரிந்து வரும். காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நெருக்கி அடுக்கிய கண்ணாடி பீரோவை விட, பையில் பாலிதீன் உறையோடு வீட்டுக்குப் போய்வரும் புத்தகம் பிழைக்கும். நனைந்ததை வெயிலில் விரிக்காமல் நிழலில் நிறுத்தி வையுங்கள்.

சீட்டில் தேதி இருக்கட்டும். பின்புறத்தில் 'எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள்?' என்று கேளுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் நின்றிருந்தால், அடுத்த சீட்டில் அந்த அத்தியாயத்தைத் தாண்டிப் படிக்கச் சொல்லி எழுதலாம்.