பாசியால் பச்சையான தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லாதீர்கள்

தண்ணீர் எப்படி இருந்தாலும் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று இலங்கை மலையகத் தோட்டப்புறங்களில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கிருமிக்கு அது சரி. வயிற்றோட்டக் கிருமி, செங்கண்மாரிக் கிருமி எல்லாம் கொதியில் செத்துவிடும். ஆனால் பச்சைப் பெயின்ட் ஊற்றியது மாதிரி பாசி படர்ந்த தண்ணீருக்கு அந்த ஆலோசனை ஆபத்தானது. அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நீலப்பச்சைப் பாசியில் மைக்ரோசிஸ்டிஸ் என்று ஒரு வகை உண்டு. அது உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும். கொதியில் அது அழியாது. கொதிக்கும்போது பாசியின் கலங்கள் உடைந்து உள்ளே இருந்த நஞ்சும் தண்ணீரில் கலந்துவிடும். தண்ணீர் வற்ற வற்ற நஞ்சின் செறிவு இன்னும் ஏறும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஈரி ஏரிப் பாசியின் நஞ்சு குழாய்த் தண்ணீருக்கே வந்தபோது, சுமார் 4 இலட்சம் பேரிடம் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்றுதான் சொன்னார்கள். குடிதண்ணீரில் மைக்ரோசிஸ்டினுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு லீற்றருக்கு 1 மைக்ரோகிராம். கண்ணாலோ நாக்காலோ கண்டுபிடிக்கக்கூடிய அளவா அது?

இது எங்கோ நடக்கிற சங்கதி இல்லை. கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இலேயே இந்தப் பாசி பொங்கியது. 1999இல் கண்டி வாவி பச்சையாகிப் போனதை அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

காரணத்தைத் தேடித் தூரம் போகத் தேவையில்லை. நுவரெலியாச் சரிவுகளில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா எல்லாம் வருடம் முழுக்கப் போடுகிறோம். மண்ணில் ஏற்கனவே பொஸ்பரஸ் தேங்கிக் கிடக்க, அதற்கு மேலே மேலே உரம் விழுகிறது. பொஸ்பரஸ் மண் துகளைப் பிடித்துக்கொண்டு இருக்கும். ஒரு பெருமழை மண்ணை அரித்தால் மண்ணோடு அதுவும் நானுஓயாவுக்கு, அங்கிருந்து கொத்மலை ஓயாவுக்கு என்று இறங்கி, அணை கட்டிய இடத்தில் தங்கிவிடும். ஹோட்டல் கழிவும், ஓடையில் விழும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) மலசலகூடக் கழிவும் அதோடு சேரும். அப்புறம் மழை விட்டு, வெயில் அடித்து, தண்ணீர் அசையாமல் கிடந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

மரக்கறி செய்கிறவர்களைத் திட்ட எனக்கு மனமில்லை. கடன் வாங்கி விதைக்கிறவன் விளைச்சல் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு மூடை கூடத்தான் போடுவான். மண்ணைப் பரிசோதித்து, உன் நிலத்துக்கு இந்தப் போகம் பொஸ்பரஸ் தேவையில்லை என்று அவனுக்குச் சொல்ல ஆள் வேண்டும். அந்தச் செலவை அரசாங்கம்தான் ஏற்க வேண்டும். அது அவனுடைய பணத்தையும் மிச்சப்படுத்தும்.

மீன்களின் பாடு இன்னும் மோசம். பகலில் ஒட்சிசன் விடுகிற பாசி இரவில் அதை இழுத்துக்கொள்ளும். செத்து அழுகும்போது மிச்சமிருப்பதையும் பக்டீரியா தின்றுவிடும். விடியும்போது மீன் மிதக்கும். செத்து மிதக்கிற மீனை எடுத்துச் சமைக்கவே கூடாது. பாசி படர்ந்த காலத்தில் உயிரோடு பிடித்த மீனானாலும் குடலையும் ஈரலையும் எறிந்துவிடுங்கள்.

எனக்குப் பெரிய பயம் சிறுநீரக நோயாளிகளை நினைத்துத்தான். 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்கு வந்த தண்ணீரில் இந்த நஞ்சு இருந்ததால் 50க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். அந்தச் சிகிச்சையில் தண்ணீரில் இருப்பது நேரே இரத்தத்துக்கே போய்விடுகிறது.

வெயில் நாளில் பிள்ளைகள் நீர்த்தேக்கக் கரையில்தான் குளிக்கிறார்கள். காற்று மிதக்கும் பாசியை ஒதுக்கிச் சேர்ப்பதும் அந்தக் கரையில்தான். ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். நூல் நூலாகக் குச்சியில் சுற்றி வந்தால் அநேகமாக வேறு பாசி. சுற்றாமல் தூளாகக் கலைந்தால் இதுவாக இருக்கலாம். பிள்ளையை இறக்காதீர்கள், மாட்டையும் நாயையும் குடிக்க விடாதீர்கள். இறங்கிய பிள்ளைக்குத் தோல் அரித்தாலோ வாந்தி வந்தாலோ, எந்தத் தண்ணீரில் குளித்தான் என்பதை ஆஸ்பத்திரியில் முதலில் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்தில் எந்தக் கரையிலும் இதைப் பற்றித் தமிழில் ஓர் எச்சரிக்கைப் பலகை நான் பார்த்ததில்லை. பிரதேச சபை உறுப்பினர்கள் யாராவது இதை வாசித்தால், அடுத்த கூட்டத்திலேயே கேளுங்கள்: வறட்சி மாதங்களில் வாராவாரம் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் கரையிலேயே ஒட்ட வேண்டும், பாசி பொங்கினால் அந்தத் தண்ணீரை எடுக்கும் லயங்களுக்கு அன்றைக்கே பௌசரில் நல்ல தண்ணீர் போக வேண்டும்.