ஏர்லைன் விமானத்தை பிசினஸ் ஜெட் ஆக்கினால் பழுது எங்கிருந்து வரும்?

"ஏர்லைன்ல ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை ஏறி இறங்குற விமானம் சார், உங்களுக்கு வாரம் ஒரு தடவை பறக்காதா?" பழைய லெகசி 600, லீனியேஜ் 1000 விற்கும் தரகர்களின் முதல் வசனம் இதுதான். பாதி உண்மை. அந்த மீதிப் பாதிக்குத்தான் வாங்கியவர் பில் கட்டுகிறார்.

பிரேசில் கம்பெனி எம்ப்ரேயரின் இஆர்ஜே 135 என்ற ஏர்லைன் விமானத்திலிருந்து லெகசி 600 என்ற பிசினஸ் ஜெட் வந்தது, இ190-இலிருந்து லீனியேஜ் 1000. கனடாவின் பம்பார்டியர் செய்த சிஆர்ஜே 200-இலிருந்து சேலஞ்சர் 850. இதில் ஒரு வேடிக்கை, அந்த சிஆர்ஜேவே சேலஞ்சர் 600 என்ற பிசினஸ் ஜெட்டை நீட்டிச் செய்ததுதான். மூன்றின் தயாரிப்பும் நின்றுவிட்டது. இனி கிடைப்பதெல்லாம் செகண்ட் ஹேண்ட்.

இறக்கை, உடல், இன்ஜின் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஏர்லைனுக்காக அடித்துச் செய்த சாமான். ஆனால் அது ஓடிக்கொண்டே இருப்பதற்காகச் செய்தது. ஏர்லைனில் வருடத்துக்கு 2,500 மணி நேரம் பறக்கும் அதே உடல், தனியார் கையில் 300, 400 மணியோடு ஹேங்கரில் உட்கார்ந்துவிடும். மணிக்கணக்கு ஏறாது, காலண்டர் நிற்காது. எத்தனை லேண்டிங் ஆனாலும் ஆகாவிட்டாலும் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் லேண்டிங் கியரை (சக்கரமும் அதன் கால்களும்) கழற்றி ஓவர்ஹால் செய்தே ஆக வேண்டும். ரப்பர் சீல் காய்ந்து ஹைட்ராலிக் கசியும். பேட்டரி இறங்கும்.

சும்மா நிற்கும் விமானத்தின் எரிபொருள் டேங்க் தனித் தலைவலி. அடியில் தண்ணீர் தங்கும், தண்ணீரும் எரிபொருளும் சேரும் கோட்டில் பூஞ்சை வளரும். முதலில் எரிபொருள் அளவைக் காட்டும் மீட்டர் குழம்பும், பிறகு ஃபில்டர் அடைக்கும். நின்ற விமானத்தில் எரிபொருள் போடுவதற்கு முன்பே ஒவ்வொரு டேங்கின் அடி வால்விலும் தண்ணீரை வடித்துப் பார்க்க வேண்டும். பூஞ்சையைக் கொல்ல மருந்து போடும்போது கணக்கு பிசகவே கூடாது. 2020 பிப்ரவரியில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ஏறிய ஏர்பஸ் ஏ321 ஒன்றின் இரண்டு இன்ஜினும் தடுமாறின. காரணம், பூஞ்சை மருந்தை அளவைப்போல் சுமார் 38 மடங்கு ஊற்றியிருந்தார்கள்.

அடுத்து, மாற்றும்போது புதிதாகச் சேர்த்த பாகங்கள். இ190-இல் சுமார் 13 டன் எரிபொருள் பிடிக்கும். லீனியேஜில் கிட்டத்தட்ட 22 டன். கூடுதல் முழுவதும் சரக்கு அறையில் வைத்த டேங்குகளில். அந்த டேங்க், அதன் வால்வு, குழாய், சென்சார் எதுவும் ஏர்லைன் ஸ்டோரில் கிடைக்காது. விமானச் சமையலறை, கேபினை இயக்கும் எலக்ட்ரானிக்ஸ் எல்லாமே இதே கதைதான். நடுவழியில் இந்தத் துணை டேங்கிலிருந்து எரிபொருள் முக்கிய டேங்குக்கு மாறவில்லை என்றால் அது உள்ளே இருந்தும் இல்லாததுதான். வழியில் இறங்க வேண்டியதுதான்.

எடைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். லீனியேஜின் அதிகபட்ச டேக்-ஆஃப் எடை 54.5 டன். முழு டேங்க் போக மிச்சம் சுமார் 32.5 டன். விமானம், சோபா, ஷவர், சிப்பந்திகள், சாப்பாடு, பயணிகள் எல்லாமே அதற்குள். முந்தைய முதலாளி ஆசைப்பட்டுப் பதித்த ஒவ்வொரு கல்லும் மரமும் உங்கள் தூரத்தைத்தான் தின்கிறது. லீனியேஜின் பிந்தைய மாடலான 1000இ-க்குச் சொல்லும் 4,600 நாட்டிகல் மைல் (ஒரு நாட்டிகல் மைல் 1.85 கி.மீ.) எட்டுப் பேருக்கான கணக்கு. பிரசுரத்தை ஓரமாக வைத்துவிட்டு, கடைசியாக எடை போட்ட ரிப்போர்ட்டைக் கேளுங்கள்.

அமெரிக்கப் பதிவு என்றால் இன்னொரு கண்ணி. இருக்கை 19-க்குள் இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். பேலோடு திறன், அதாவது ஆளும் சாமானுமாக ஏற்றக்கூடிய எடை, 6,000 பவுண்டைத் தொட்டாலும் பார்ட் 125 என்ற பெரிய விமானங்களுக்கான விதித் தொகுப்பு வந்து பிடிக்கும். வாங்கும் முன்பே வக்கீலிடம் கேட்க வேண்டிய விஷயம்.

வேகமும் உயரமும் ஏர்லைன் ரகம்தான். 4,000 நாட்டிகல் மைலை மாக் 0.85-இல் (ஒலி வேகத்தில் 85 சதவீதம்) போகிறவரைவிட 0.78-இல் போகிறவர் முக்கால் மணி தாமதமாக இறங்குவார். கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 51,000 அடி வரை ஏறும், லீனியேஜுக்கும் லெகசிக்கும் 41,000தான் எல்லை. டேங்க் நிறைய இருக்கும்போது அதுவும் உடனே கிடைக்காது. கீழே ஏர்லைன் நெரிசலிலேயே போக வேண்டும்.

பிறகு எப்போது வாங்கலாம்? ஆறு மணி நேரத்துக்குள் முடியும் பயணம், பத்துப் பன்னிரண்டு பேர், பெட்டி நிறைய என்றால் லெகசி நல்ல தேர்வு. 2.1 மீட்டர் அகலம்தான், பம்பார்டியரின் சேலஞ்சர் 605 பிசினஸ் ஜெட் மாதிரி தாராளமாக இருக்காது. ஆனால் பின்னால் 6.8 கன மீட்டர் சாமான் அறை. இன்னும் தூரம் போக வேண்டுமானால் 3,900 நாட்டிகல் மைல் போகும் லெகசி 650-ஐப் பாருங்கள், 600-இல் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். லீனியேஜ் பார்க்கிறவர்கள் சோதனைப் பறப்பில் ஒவ்வொரு துணை டேங்கிலும் எரிபொருள் நிரப்பி, அது முழுதாக மாறுகிறதா என்று பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.