போனை ஹேண்டில்பாரிலிருந்து இறக்குங்கள்

சைக்கிளில் வழி பார்க்க போன் போதுமா, தனியாக ஜிபிஎஸ் கருவி வாங்க வேண்டுமா என்று புதிதாகச் சைக்கிள் ஓட்ட வரும் தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதை இங்கேயே எழுதிவிடுகிறேன். கருவி வாங்குவது அவரவர் வசதி. ஆனால் மதுரையில் ஓட்டுகிறவர் போனை ஹேண்டில்பாரில் மாட்டக் கூடாது. இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

முதலில் வெயில். யூடியூபில் இதைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் குளிர்நாட்டுக்காரர்கள். அவர்களுடைய கவலையெல்லாம் மழை. நமக்கோ சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைத் தொடுகிறது. ஐபோனை 35 டிகிரி வரையுள்ள சூழலில்தான் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். மேலூர் ரோட்டில் காலை பத்து மணிக்கு, நிழலே இல்லாத ஹேண்டில்பாரில் அந்த போன் என்ன பாடுபடும்? வெயிலில் படம் தெரிய வேண்டுமென்று நாமும் திரையை முழு வெளிச்சத்தில் வைப்போம். அது உள்ளிருந்து சூடேற்றும். ஒரு கட்டத்தில் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திரையை மங்கலாக்கிவிடும், சார்ஜ் ஏறுவதையும் நிறுத்திவிடும். அப்புறம் பவர் பேங்க் இருந்தும் பயனில்லை.

கார்மின் எட்ஜ் மாதிரியான கருவிகள் பலவற்றில் திரையே வேறு வகை. மேலே விழும் வெயிலைத் திருப்பி அனுப்பித்தான் படத்தைக் காட்டும். வெயில் ஏற ஏறத் தெளிவு கூடும். திரைக்குப் பின்னால் விளக்கு எரிய வேண்டியதில்லை என்பதால் பேட்டரியும் நெடுநேரம் நிற்கும். பிஆர்எம் என்கிற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் 200 கிலோமீட்டர் ஓட்ட விரும்புகிறவருக்கு 13½ மணி நேரம் அவகாசம். அத்தனை நேரமும் திரை எரிந்துகொண்டே இருந்தால் போன் தாங்காது. நீண்ட தூரம் போகிறவர்கள் கருவி வாங்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வெயிலைவிட எனக்குப் பெரிய காரணம் இன்னொன்று. இன்று டீ, இளநீர், பஞ்சர் எல்லாவற்றுக்கும் ஜிபேதான். பலர் பர்ஸ் எடுத்துக்கொண்டே வருவதில்லை. விழுந்து அடிபட்டால் 108க்கு அழைப்பதும் அதே போனில்தான். தனியாக ஓட்டும் பெண்கள் வீட்டாருக்கு இருப்பிடத்தை அனுப்பி வைப்பதும் அதில்தான். அப்படிப்பட்ட ஒன்றை வழி காட்டுவதற்காக வெயிலில் கட்டி வைத்து, பேட்டரியையும் காலி செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அது நிழலில், பையில், உயிரோடு இருக்க வேண்டும்.

பணம் இல்லாத மாணவர்கள் வருத்தப்பட வேண்டாம். டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சிக்னல் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. போன் அதை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். நெட் தேவைப்படுவது மேப்பை இறக்கவும், முதல் தடவை இடத்தைச் சீக்கிரம் பிடிக்கவும்தான். ஆகவே வீட்டிலேயே மேப்பை இறக்கி வையுங்கள். திரையை அணைத்துவிட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி, குரல் சொல்வதைக் கேட்டு ஓட்டுங்கள். இன்னொரு காது பின்னால் வரும் பஸ்ஸுக்கு வேண்டும். திரும்ப வேண்டிய ஊர்ப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால் இன்னும் நிம்மதி.

எந்த மேப் என்பதும் முக்கியம். கூகுள் மேப்ஸ் 2017 டிசம்பரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த டூவீலர் வழி, என்ஜின் உள்ள வண்டிகளுக்கானது. நெட் இல்லாதபோது கூகுள் மேப்ஸ் கார் வழியை மட்டுமே சொல்லும். கார் வழியை நம்பினால் நான்கு வழிச்சாலையில் லாரிகளுக்கு நடுவே கொண்டுபோய் விட்டுவிடும். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை வைத்து இயங்கும் ஆஸ்மாண்ட் செயலியில் சைக்கிளுக்கென்றே, நெட் இல்லாமலும் வழி கிடைக்கும். அந்த மேப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உங்கள் ஊர்க் கண்மாய்க்கரைப் பாதை அதில் இல்லையென்றால் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள். அடுத்து வருகிறவர் போனில் வந்தாலும் கருவியோடு வந்தாலும் பயன்படும்.

டவுனுக்குள் போன்தான் மேல். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் நெரிசல் எப்படி என்று கருவி தானாகச் சொல்லாது. கடை, தெருப் பெயரைத் தட்டித் தேடுவதும் அதில் சிரமம். ஓரமாக நின்று போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த 7.3 கிலோமீட்டர் பாலத்தில் நாம் மேலே போகிறோமா கீழே போகிறோமா என்பது இரண்டுக்குமே குழப்பம். வைகையில் தண்ணீர் வரும்போது யானைக்கல் தரைப்பாலம் திறந்திருக்கிறதா என்பதை டீக்கடையில், "அண்ணே, பாலத்துல போகலாமா?" என்று கேட்டுக்கொள்வதே நல்லது.

ஹெல்மெட்டும் முன் பின் விளக்கும் இன்னும் வாங்காதவர்கள் ஜிபிஎஸ் கருவிக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அவற்றை வாங்குங்கள். அழகர்கோயில், அரிட்டாபட்டிப் பக்கம் நான்கு வழிச்சாலையை ஒதுக்கிப் போகும் வழிகளை ஜிபிஎக்ஸ் கோப்பாக, அதாவது மேப்பில் அப்படியே ஏற்றக்கூடிய வழிப் பதிவாக வைத்திருக்கிறேன். ஆஸ்மாண்டிலும் திறக்கும், கருவியிலும் ஏறும். வேண்டுகிறவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.