கட்டணத் தேதியை ஸ்டோரியில் மட்டும் போடாதீர்கள்

அக்கா மகள் போன வாரம் தேர்வுக் கட்டணத்தை அபராதத்தோடு கட்டினாள். கடைசித் தேதி நெருங்கியதே அவளுக்குத் தெரியவில்லை. கல்லூரியின் இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் போட்டிருக்கிறார்கள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தாள், அங்கே டவர் கிடைக்காது. திரும்பி வந்து போனைத் திறந்தால் ஸ்டோரி இல்லை. அதன் ஆயுளே 24 மணி நேரம்தானே. கல்லூரி இணையதளத்தில் தேடினோம். 'அறிவிப்புகள்' பகுதியில் கடைசியாக இருந்தது போன வருஷத்து விளையாட்டு விழா.

அந்தக் கல்லூரியின் முகநூல் பக்கத்தில் தினமும் படங்கள் வருகின்றன. குத்துவிளக்கு, பொன்னாடை, பரிசளிப்பு. அதில் எனக்குக் குறையே இல்லை. மேடை ஏறிய பிள்ளையின் அம்மா அந்தப் படத்தை எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பார்! ஆனால் கட்டணம், பஸ் பாஸ், உதவித்தொகை எல்லாம் அதே கூட்டத்தில் வந்தால் எப்படி? முகநூலின் முகப்பு வழக்கமாகப் பதிவுகளைத் தேதி வரிசையில் காட்டுவதில்லை. பெரும்பாலும் விருப்பக்குறி குவிகிற படம்தான் மேலே வரும். கட்டண அறிவிப்புக்கு யார் விருப்பக்குறி போடுவார்கள்?

நாங்கள் படித்தபோது சர்க்குலர் வரும். பாடம் நடக்கும்போதே அலுவலக உதவியாளர் நோட்டோடு வாசலில் நிற்பார். ஆசிரியர் வாங்கி, சத்தமாக வாசித்து, கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அன்றைக்கு லீவு போட்டவனுக்கு நோட்டீஸ் போர்டு இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வாரம் அப்படியே இருக்கும்.

அந்த நோட்டீஸ் போர்டு இன்றைக்கு இணையதளம்தான். செய்தி முதலில் அங்கே, தேதியோடு, எழுத்தாக ஏற வேண்டும். அப்புறம் அதன் இணைப்பை எங்கே வேண்டுமானாலும் பகிரலாம். 2021 அக்டோபர் 4 இரவு முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. 'நாளைத் தேர்வு ஒத்திவைப்பு' என்ற செய்தி அங்கே மட்டும் இருந்திருந்தால், விடியற்காலை பஸ் ஏறுகிற பிள்ளைக்கு யார் சொல்வது?

எழுத்தாக என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போஸ்டர் படத்துக்குள் இருக்கும் தேதியைப் பார்வையற்ற மாணவர்களுக்குத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் பெரும்பாலும் வாசிக்காது. தகவல் தொழில்நுட்பமும் மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதே வரிகளைப் படத்தோடு தட்டச்சு செய்து போட ஐந்து நிமிஷம் போதும்.

பழைய வலைப்பதிவர்களுக்குச் செய்தியோடை (RSS) நினைவிருக்கும்; ஒரு தளத்தில் புதிதாக ஏறுகிற பதிவுகளை மற்ற செயலிகள் தானாக எடுத்துக்கொள்ளத் தரும் பட்டியல் அது. தமிழ்மணம் என்ற திரட்டித் தளம் நம் பதிவுகளைத் திரட்டியதே அதை வைத்துத்தான். செய்தியோடைகளைப் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013இல் மூடியதோடு பலர் அதை மறந்துவிட்டோம், ஆனால் அது போகவில்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளமாக இருந்தால், யாராவது நிறுத்தி வைக்காதவரை, செய்தியோடை தானாகவே இருக்கும். அதை ஒரு டெலிகிராம் சேனலோடு இணைத்துவிட்டால் தளத்தில் பதிவாக ஏறுகிற ஒவ்வொரு அறிவிப்பும் வரிசை மாறாமல் போய்ச் சேரும். தனியாக ஆள் போட வேண்டியதில்லை.

என் நட்பு வட்டத்தில் பேராசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நாளைக்கே உங்கள் கல்லூரித் தளத்தைப் போனில் திறந்து, இந்தப் பருவத்துக் கட்டணக் கடைசித் தேதி கிடைக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் முதல்வரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.