21 கிராம் பற்றி ஒரு திருத்தம்

இறக்கும் நொடியில் உடல் எடை 21 கிராம் குறையும், அதுதான் உயிரின் எடை, அறிவியல் நிரூபித்துவிட்டது என்று மேலே பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். மன்னிக்கவும், அப்படி நிரூபணமாகவில்லை. அமெரிக்க மருத்துவர் டங்கன் மெக்டூகல் மரணப்படுக்கையில் இருந்த 6 பேரைக் கட்டிலோடு எடை போட்டு 1907-ல் முடிவுகளை வெளியிட்டார். அதில் 21 கிராம் வந்தது ஒரே ஒருவருக்குத்தான். இருவரின் அளவை அவரே கணக்கில் சேர்க்கவில்லை, மற்றவர்களுக்கு வந்த அளவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இன்னும் நிறைய சோதனைகள் தேவை என்று அவரே எழுதியும் இருக்கிறார். அன்பானவரை இழந்த நேரத்தில் இந்த எண் ஆறுதலாக இருப்பது புரிகிறது, உயிர் உண்டா இல்லையா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. அவர் பெயரையும் 1907-ஐயும் போட்டுத் தேடுங்கள், மூலக் கட்டுரையே இணையத்தில் கிடைக்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன அளவு வந்தது என்பதை மட்டும் வாசித்தால் போதும்.